ஜேன் ஆஸ்டின் தள்ளிவிட்ட அத்தியாயம்

ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் ஆறு நாவல்களில் ஒன்றுக்குக்கூட முழுக் கையெழுத்துப் பிரதி இன்று இல்லை. மிஞ்சியிருப்பது 'பெர்சுவேஷன்' நாவலின் முடிவாக அவர் முதலில் எழுதிய இரண்டு அத்தியாயங்கள் மட்டும்தான். அதில் ஒன்றை அவரே வேண்டாம் என்று தள்ளிவிட்டார். நல்லவேளையாக அந்தத் தாள்கள் தப்பி, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன.

1816 ஜூலையில் நாவலை முடித்தவருக்கு முடிவு சப்பென்று இருப்பதாகப் பட்டது. உடம்பும் சரியில்லாத நேரம். ஆனாலும் ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் மாற்றி எழுதிவிட்டார். முதல் வடிவத்தில் அட்மிரல் கிராஃப்ட் என்ற கடற்படை அதிகாரி, நாவலின் நாயகி ஆன் என்பவளைத் தெருவில் பார்த்து வீட்டுக்குள் கூட்டிப்போகிறார். அங்கே அவளுடைய பழைய காதலர் வென்ட்வொர்த் இருக்கிறார். உங்கள் உறவினர் மிஸ்டர் எலியட்டை நீங்கள் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறீர்களா என்று அட்மிரலின் சார்பாக அவர் கேட்க வேண்டியிருக்கிறது, ஆன் இல்லை என்கிறாள், அவ்வளவுதான், எட்டு வருடப் பிரிவு ஒரு பார்வையில் முடிந்துவிடுகிறது. படிக்க இனிமையாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லாம் அடுத்தவர் தயவில் நடக்கிறது.

புதிய வடிவத்தில் விடுதி அறை. வென்ட்வொர்த் மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார். சற்றுத் தள்ளி, ஜன்னலோரம், ஆணா பெண்ணா யாருடைய அன்பு நீடிக்கும் என்று வென்ட்வொர்த்தின் நண்பர் கேப்டன் ஹார்வில்லுடன் ஆன் வாதாடுகிறாள். நடுவில் வென்ட்வொர்த்தின் பேனா கீழே விழுகிறது. கதைகள் எல்லாமே பெண்களின் நிலையற்ற மனதைத்தானே சொல்கின்றன என்று ஹார்வில் சொல்ல, பேனா இதுவரை ஆண்கள் கையில்தானே இருந்தது, அந்தப் புத்தகங்களை நான் சாட்சியாக ஏற்க மாட்டேன் என்கிறாள் ஆன். நாவல் முழுக்க வாய் திறக்கத் தயங்கியவள்! அதைக் கேட்டுக்கொண்டேதான் வென்ட்வொர்த் தன் மனதையெல்லாம் கொட்டி அவளுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். பழைய வடிவத்தில் இந்த வாதமும் இல்லை, அந்தக் கடிதமும் இல்லை.

ஆஸ்டின் 1817 ஜூலையில் இறந்தார், நாவல் அந்த டிசம்பரில்தான் வெளிவந்தது. நீக்கிய அத்தியாயத்தை முதலில் அச்சிட்டவர் அவருடைய அண்ணன் மகன், 1871-இல். கையெழுத்துப் பிரதியை வைத்து 1926-இல் தனி நூலாகக் கொண்டுவந்தவர் ஆர். டபிள்யூ. சாப்மன். 1923-இல் ஆஸ்டின் நாவல்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பைத் தயாரித்தவரும் அவர்தான். ஆனால் அதற்கு 11 வருடம் முன்பே, 1912-இல், 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலை முதல் பதிப்போடு ஒப்பிட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்காகப் பதிப்பித்தவர் கேத்தரின் மெட்காஃப். அடுத்த வருடம் அவர் சாப்மனைத் திருமணம் செய்துகொண்டார். ஆஸ்டின் பதிப்பு என்றாலே சாப்மன் பெயர்தான் முதலில் வருகிறது, மெட்காஃபின் பெயரை அறிஞர்கள் தேடி எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, இது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை.

'பெர்சுவேஷன்' படிக்கிறவர்கள் அந்த நீக்கிய அத்தியாயத்தையும் கண்டிப்பாகப் படியுங்கள். பல பதிப்புகளில் பின்னிணைப்பாக இருக்கிறது. நாவலை முடித்த கையோடு படித்தால் இன்னும் நல்லது.