கொல்லையில் ஒரு கடைமடை

எங்கள் வீட்டுக் கொல்லை 30 அடி நீளமும் 15 அடி அகலமும் இருக்கும். இரண்டு தென்னை, வேலியோரம் ஒரு பூவரசு, கிணற்றடிக்கு அப்பால் நாலைந்து வாழை, ஒரு துவைகல். மயிலாடுதுறைப் பக்கத்துப் பழைய வீடுகளில் இருக்கும் சாதாரணக் கொல்லைதான். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்றரை. பள்ளிவிட்டு வந்ததும் இருவரும் கைப்பேசியைக் கேட்டு அழுவதைக் கண்டு பயந்து, சென்ற ஆண்டு பெரிய விலை கொடுத்து ஒரு பிளாஸ்டிக் சறுக்குமரம் வாங்கிப் போட்டோம். பத்து நாள் சறுக்கினார்கள். அதன்பின் அந்தப் பக்கமே போகவில்லை. அதே வாரத்தில் தென்னையிலிருந்து விழுந்த இரண்டு காய்ந்த மட்டைகளை, என் மாமியார் விளக்குமாற்றுக்கு ஈர்க்குச்சி கிழிப்பதற்குள் மகள் இழுத்துக்கொண்டு போய்ப் பேருந்து ஆக்கிவிட்டாள். அந்தப் பேருந்து இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. சறுக்குமரம் சறுக்குவதற்கு மட்டுமே ஆனது. மட்டையோ பேருந்தாகும், படகாகும், மறுநாள் பாலமாகும். சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் கொல்லையை விளையாட்டுக்கு ஆயத்தம் செய்ய நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: முழுமையாகச் செய்து முடித்த பொருளை வாங்கி நிறைக்காமல், குழந்தை எதுவாகவும் ஆக்கிக்கொள்ளக்கூடிய பொருட்களைச் சேர்த்து வையுங்கள். மட்டை, கொட்டாங்குச்சி, உடைந்த செங்கல், பழைய சேலை, கயிறு, ஒரு குவியல் ஆற்று மணல். இவை போதும்.

பேருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு மட்டைகளையும் நீளவாக்கில் போட்டு, நடுவே செங்கற்களை இருக்கையாக அடுக்கி, வாழையிலைக் கிழிசல்களை ரூபாய் நோட்டு போல நீளமாக மடித்து விரலிடுக்குகளில் செருகிக்கொண்டு, மகள் நடத்துநராக நின்றாள். பூவரச இலையைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஒவ்வொரு முறையும் நாக்கில் விரலைத் தொட்டுக்கொண்டுதான் சீட்டுக் கொடுத்தாள். நானும் என் மாமியாரும் காசை நீட்டியபோது, "லேடீஸுக்குக் காசு வேணாம், டிக்கெட் மட்டும் வாங்கிக்கங்க" என்றாள். அவள் தாத்தாவிடம் மட்டும் கறாராக வசூலித்தாள். நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கியது. அவளுக்கு நினைவு தெரிந்த நாள்முதல் பேருந்தின் இயல்பே அதுதான். நாம் கற்றுக்கொடுக்காத எத்தனையோ விஷயங்களைக் குழந்தை பார்த்துச் சேர்த்து வைத்திருக்கிறது என்பது இப்படியான விளையாட்டில்தான் தெரியவரும்.

அன்று நான் செய்த ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். பேருந்து புறப்பட்டதும், ஊர்களின் வரிசையைக் கற்பிக்கலாம் என்ற ஆசையில், "குத்தாலம், ஆடுதுறை, கும்பகோணம் என்று வரிசையாகச் சொல்" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. விளையாட்டு அங்கேயே பாடமாகிவிட்டது. இரண்டு நிமிடத்தில் இலைகளைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் நான் வெறும் பயணியாக ஏறி, "கண்டக்டரம்மா, இந்த வண்டி எங்கே போகுது?" என்று மட்டும் கேட்டேன். "நிலாவுக்கு. வைத்தீஸ்வரன்கோயில்ல பத்து நிமிஷம் நிக்கும்" என்றாள். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. பெரியவர்கள் விளையாட்டுக்குள் போகும்போது குழந்தை கொடுக்கும் வேடத்தை ஏற்றுக்கொண்டு, அந்த வேடத்துக்குரிய கேள்வியை மட்டும் கேட்பதே முறை என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

இருந்தாலும், எங்கள் கொல்லையின் பெரிய விளையாட்டு தண்ணீர்தான். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படும். தண்ணீர் எங்கள் ஊர் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்த அன்று பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டினோம். வறண்ட வாய்க்காலில் நுரையும் சருகும் முன்னால் தள்ளிக்கொண்டு வர, தண்ணீர் மெல்ல ஊர்ந்து வருவதை இருவரும் வாய் திறந்து பார்த்தார்கள். வீடு திரும்பியதும் மகள் கிணற்றடியிலிருந்து வாழை வரைக்கும் கொட்டாங்குச்சியால் ஒரு வாய்க்கால் வெட்டத் தொடங்கினாள். அதற்கு இரண்டு நாள் ஆயிற்று. முதலில் தண்ணீர் நடுவில் தேங்கி நின்றது; அங்கே மேடு இருப்பதைக் கண்டுபிடித்து ஆழப்படுத்தினாள். பிறகு வலப்பக்கம் கரை உடைத்துக்கொண்டது. களிமண் உருண்டையால் அடைத்தாள். மூன்று இடத்தில் மடை வைத்து, ஒவ்வொரு மடைக்கும் ஓர் உடைந்த ஓட்டுச்சில்லைக் கதவாக நிறுத்தினாள். தலைமடை அவளுடையது. கடைசி மடையில், வாழையடியில், தம்பி தன் பாத்தியோடு உட்கார்ந்திருந்தான். அரை வாளித் தண்ணீர் ஊற்றினால் மண் குடித்தது போக, தலைமடையும் நடுமடையும் எடுத்தது போக, அவனிடம் வந்து சேர்ந்தது விரல் நனையும் ஈரம் மட்டுமே. அவன் முதலில் பொறுத்திருந்தான், பிறகு அழுதான். திண்ணையிலிருந்து என் மாமியார், "கடைமடைக்காரனுக்கும் தண்ணி விடுடி, அவன் நாத்து காயுது" என்று குரல் கொடுத்தார். அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர், தண்ணீர் வந்து சேராத ஆண்டுகளை நன்றாக அறிந்தவர். மகள் சற்று நேரம் யோசித்துவிட்டுத் தன் மடையை அடைத்தாள். "ஒரு வாளி எனக்கு, ஒரு வாளி உனக்கு" என்று முறை வைத்தாள். முறைப்பாசனம் என்ற சொல்லை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

இந்த ஒரு விளையாட்டுக்காகக் கொல்லையில் நீங்கள் செய்ய வேண்டியது மிகக் குறைவு. சிமெண்டு போடாத ஒரு துண்டு மண்தரை, சிறிதளவு சரிவு, காய்கறி கழுவிய தண்ணீர் அரை வாளி. தண்ணீரின் முடிவில் ஒரு வாழையோ முருங்கையோ இருந்தால் அது வீணாவதும் இல்லை. ஆனால் தண்ணீர் இருக்கும்வரை பெரியவர் ஒருவர் கண்பார்வையில் இருந்தே ஆக வேண்டும். தவழும் பருவத்துக் குழந்தை ஒரு வாளித் தண்ணீரிலேயே மூழ்கிவிட முடியும். கிணற்றுக்கு இரும்பு வலை போட்டுப் பூட்டிய பிறகுதான் நாங்கள் பிள்ளைகளைக் கொல்லைக்கு விட்டோம். விளையாடி முடித்ததும் வாளியையும் கொட்டாங்குச்சிகளையும் கவிழ்த்து வைப்பதை விளையாட்டின் கடைசிக் கட்டமாகவே பழக்கியிருக்கிறோம். தேங்கிய தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிட்டு, எட்டுப் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். அதற்கு ஒரு கொட்டாங்குச்சித் தண்ணீரே போதும்.

சோறாக்கி விளையாடுவது எல்லா வீட்டிலும் தானாகவே தொடங்கிவிடும், அதற்கு யாரும் யோசனை சொல்ல வேண்டியதில்லை. பாட்டுத் தலைவரைக் குழந்தையாக வைத்துப் பாடும் பிள்ளைத்தமிழில் ஆண்பாலுக்குரிய கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று அமைந்திருக்கின்றன. சிறுமியர் மணலில் வீடு கட்டிச் சோறாக்க, சிறுவன் வந்து காலால் அழிப்பதுதான் சிற்றில் சிதைத்தல். எங்கள் கொல்லையில் அது வாரம் மூன்று முறை நடக்கிறது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது செடிகளைப் பற்றி. இலையையும் விதையையும் பிள்ளைகள் கறியாக அரிவார்கள் என்பதால் அரளி, ஊமத்தை, ஆமணக்கு மூன்றையும் வேரோடு எடுத்துவிடுங்கள். இவற்றின் விதைகள் உயிருக்கே ஆபத்தானவை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கும். சமைத்ததை வாயில் வைப்பதுபோல் நடிக்கலாம், வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் மீறக்கூடாத விதி. மண்ணில் அளைந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுக்கும் குடற்புழு நீக்க மாத்திரையைத் தவறாமல் விழுங்க வைப்பதும், ஐந்தாறு வயதில் போட வேண்டிய தடுப்பூசியைத் தள்ளிப்போடாமல் இருப்பதும் நம் பொறுப்பு.

பூவரசு இருக்கும் வீட்டில் வாத்தியத்துக்குப் பஞ்சமில்லை. இளசாகவும் இல்லாமல் முற்றாமலும் இருக்கும் இலையைக் காம்பு கிள்ளி, இறுகச் சுருட்டி, ஒரு முனையை மட்டும் லேசாக நசுக்கி உதட்டில் வைத்து ஊதினால் பீப்பீ என்று ஒலிக்கும். நாகஸ்வரத்தில் உதட்டில் வைத்து ஊதும் சீவாளியும் இதே முறையில்தான் அதிர்ந்து ஒலி எழுப்புகிறது என்று என் மாமனார் சொன்னபோது, நாகஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள். அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் வீட்டிலிருந்து தொலைவும் இல்லை.

இப்போது ஆடிப்பெருக்கு நெருங்குகிறது. எங்கள் பக்கத்தில் ஆடி 18 அன்று பிள்ளைகள் மரச்சப்பரத்தில் சாமி படம் வைத்து, பூச்சுற்றி, ஆற்றங்கரைக்கு இழுத்துப்போவார்கள். கடையில் வாங்க வேண்டாம், நாமே செய்வோம் என்று முடிவாகியிருக்கிறது. அட்டைப்பெட்டி தயார். கோடையில் தின்றுவிட்டு வெயிலில் உலர்த்தி வைத்த நுங்குக் குரும்பைகள் நான்கு இருக்கின்றன. குச்சியை அச்சாகச் செருகினால் அவைதான் சக்கரம். திருவாரூர் ஆழித்தேரை இந்த ஆண்டு பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மகனுக்கு வடத்தில் ஆர்வமில்லை. 96 அடித் தேரை ஒரு மரக்கட்டை திருப்பியதையும் நிறுத்தியதையுமே அவன் பேசிக்கொண்டிருக்கிறான். ஆகவே முட்டுக்கட்டை போடுபவன் அவன்தான். அதற்கென்று ஒரு செங்கல் துண்டைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறான். நேற்று மாலை வெள்ளோட்டம் விட்டோம். துவைகல்லைச் சுற்றித் திரும்பிய சப்பரம் வாய்க்காலின் முன்னால் வந்து நின்றுவிட்டது. பாலம் போட வேண்டும் என்கிறாள் மகள். அதற்குப் பேருந்தின் மட்டைகளில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். எடுத்தால் நிலாவுக்குப் போகிற வண்டி நின்றுவிடும் என்று தம்பி மறுக்கிறான். இருட்டும்வரை பேசியும் முடிவாகவில்லை. கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்துவிட்டு, சப்பரத்தை வாய்க்கால் கரையிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தோம்.