400 சொல்லுக்குள் புள்ளலூர்

1780இல் ஹைதர் அலியின் மைசூர்ப் படையும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் காஞ்சிபுரம் பக்கத்தில் மோதிய புள்ளலூர்ப் போர் பற்றி இதழுக்கு எழுதும் கட்டுரை ஒருவழியாக 400 சொல்லுக்குள் அடங்கிவிட்டது. தலைப்போடு 371. மீதி 29 சொல்லை வரைபடக் குறிப்புக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். வரைபடம் இன்னும் போடவில்லை, அது வேறு கதை. இதழில் ஒரு பக்கத்துக்கு மேல் இடம் கிடையாது. கூடினால் கடைசிப் பத்தியில்தான் கத்தரி விழும். போர்க் கட்டுரையில் கடைசிப் பத்தி போனால் யார் ஜெயித்தார்கள் என்பதே போய்விடும்.

இந்த வகைக் கட்டுரைகளைக் கொல்வது பின்னணிப் பத்தி. இரண்டாம் மைசூர்ப் போர் ஏன் மூண்டது என்று தொடங்கினால், ஹைதரோடு செய்த 1769 ஒப்பந்தத்தைக் கம்பெனி மதிக்காதது, 1779இல் பிரெஞ்சுக்காரர் துறைமுகமான மாஹேயைப் பிடித்தது, ஹைதர் அலி கணவாய் இறங்கி ஆற்காட்டுச் சீமைக்குள் வந்தது என்று வரிசைகட்டி வந்து நிற்கும். எல்லாம் உண்மை, எல்லாம் தேவை. ஆனால் முதல் குண்டு வெடிப்பதற்குள் பாதிப் பக்கம் தீர்ந்துவிடும். இந்த முறை அத்தனையையும் தூக்கிவிட்டு ஆற்றில் தொடங்கினேன். 1780 ஆகஸ்ட் கடைசி. கம்பெனியின் கர்னல் பெய்லி குண்டூரிலிருந்து படையோடு இறங்கி வருகிறார். கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் இல்லை, அன்றே கடந்திருக்கலாம். வடகரையிலேயே கூடாரம் அடிக்கிறார். இரவில் வெள்ளம் வந்துவிடுகிறது. செப்டம்பர் பிறந்த பிறகுதான் அக்கரை சேர முடிகிறது.

அந்தத் தாமதத்தைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து விழுகிறது. பெய்லிக்காகக் காஞ்சிபுரத்தில் காத்திருந்த கம்பெனித் தளபதி மன்றோ, நடுவில் புகுந்த ஹைதரின் மகன் திப்பு, 6ஆம் தேதி பெரம்பாக்கத்தில் நடந்த மோதல், மன்றோ தான் கிளம்பாமல் பெய்லிக்குத் துணையாகக் கர்னல் ஃபிளெச்சர் தலைமையில் ஏறக்குறைய ஆயிரம் பேரை மட்டும் அனுப்பியது, 10ஆம் தேதி புள்ளலூர். பெய்லியின் தோல்விக்குக் காரணம் என்று தனியாக ஒரு பத்தியே வேண்டியிருக்கவில்லை. போரின் காரணத்தைத் தேடி அரசியலுக்குள் போகாமல் களத்துக்குப் பக்கத்திலேயே ஒரு முடிச்சைப் பிடிப்பதுதான் இந்த அளவுக்குச் சரிப்படும் என்பது என் கட்சி.

அப்புறம், என்னை நெடுநேரம் உட்கார வைத்த ஒரே வாக்கியம் வெடிமருந்து வண்டிகள் பற்றியது. பெய்லியின் படை தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தபோது அவை வெடித்தன. அதன் பிறகு மீள வழியில்லை. ராக்கெட் பட்டு வெடித்ததா, பீரங்கிக் குண்டு பட்டா என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. மைசூர் ராக்கெட் என்றாலே நமக்கெல்லாம் ஒரு மயக்கம், அதனால் பலரும் யோசிக்காமல் ராக்கெட் என்றே எழுதிவிடுகிறார்கள். ‘வெடிமருந்து வண்டிகள் ராக்கெட் பட்டு வெடித்ததாகச் சிலரும், பீரங்கிக் குண்டு பட்டு வெடித்ததாக வேறு சிலரும் கூறுகின்றனர்’ என்று நேர்மையாக எழுதினால் 13 சொல். அதுவும் போர் உச்சத்தில் இருக்கும்போது வாசகரை நூலகத்துக்குக் கூட்டிப்போன மாதிரி ஆகிவிடும். கடைசியில் நின்றது இது: ‘ராக்கெட்டும் குண்டும் பொழிந்த நேரத்தில் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன.’ ஏழே சொல். பொய்யும் இல்லை. கொஞ்சம் பெருமையாகவே இருக்கிறது.

படை எண்ணிக்கையிலும் இதே வேலைதான். ஹைதர் கொண்டுவந்த மொத்தப் படையை 80,000 என்பார்கள், 90,000 என்பார்கள். அந்த எண்ணைப் போட்டால் அத்தனை பேரும் அன்று புள்ளலூரில் நின்றது போலத் தோன்றும். பெய்லி பக்கம் ஏறக்குறைய 3,800 என்று மட்டும் கொடுத்து, எதிர்ப்பக்கத்துக்குப் ‘பல மடங்கு’ என்று முடித்தேன்.

சொல் எண்ணுவதைப் பற்றியும் புலம்பிவிடுகிறேன். வேர்டு மென்பொருள் இடைவெளியைத்தான் எண்ணுகிறது. ‘வந்து கொண்டிருந்தது’ இரண்டு, ‘வந்துகொண்டிருந்தது’ ஒன்று. துணைவினையைச் சேர்த்து எழுதுவது முறைதான், அந்த லாபத்தைக் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்கிறேன். ‘படையுடன்காத்திருந்தார்’ என்று ஒட்டுவது மட்டும் மோசடி. தேதியை 10.9.1780 என்று எழுதி இரண்டு சொல் மிச்சம் பிடிப்பவர்களும் உண்டு. படிக்க விண்ணப்பப் படிவம் போல இருக்கிறது, எனக்கு ஒவ்வாது. இரண்டு பக்கமும் இடைவெளி விட்டுப் போடும் கோடுகூடக் கணக்கில் ஒரு சொல்லாக விழுகிறது. கோடு போடுவதையே விட்டாயிற்று.

வெட்டியதில் மனம் வராமல் வெட்டியது டேவிட் பெயர்டை. புள்ளலூரில் சிறைபட்ட கேப்டன். 1784 வரை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அடைபட்டுக் கிடந்தவர். 1799 மே 4 அன்று அதே கோட்டையின் மீது நடந்த தாக்குதலை முன்னின்று நடத்தியவரும் அவர்தான். இப்படி ஒரு முடிவு கிடைத்தால் யாருக்குத்தான் கை துறுதுறுக்காது! ஆனால் அதைச் சேர்த்தால் கட்டுரை அவருடையதாகிவிடும். பெய்லியோ 1782இல் சிறையிலேயே இறந்துபோனார், என் பக்கம் அங்கே முடிகிறது. மகேந்திரவர்மப் பல்லவன் புள்ளலூரில் பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு சொல்வதையும் எடுத்துவிட்டேன். அதற்குத் தனிக் கட்டுரை உண்டு.

தரவுகளுக்கு இன்டர்நெட் ஆர்கைவ்தான் கைகொடுக்கிறது. கம்பெனிப் படையைப் பற்றிய பழைய தொகுதிகள் ஸ்கேன் பிரதியாக இலவசமாகக் கிடைக்கின்றன. ஊர்ப்பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள், போதாக்குறைக்கு ஸ்கேனில் எழுத்து வேறு சிதைந்திருக்கும். ஆட்பெயரையோ ஆண்டையோ போட்டால் சீக்கிரம் சிக்கும். ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தப் போரின் ஓவியம் இருக்கிறது. பல்லக்கில் பெய்லி, வெடிக்கும் வண்டி எல்லாம் அதில் உண்டு. வரைபடம் சரியாக வராவிட்டால் அந்த ஓவியத்தைப் போட்டு 29 சொல்லில் சமாளிக்கலாமா என்று ஒரு நப்பாசை. ஆனால் ஆறும் காஞ்சிபுரமும் எங்கே என்று காட்டாமல் முதல் பத்தி நிற்காது. எனவே வரைந்துதான் ஆக வேண்டும்.

வரைவதற்குப் பதிலாக வந்தவாசியில் இறங்கிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1760 ஜனவரி 22, கம்பெனித் தளபதி அயர் கூட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் மோதிய போர். அங்கேயும் பிரெஞ்சுப் பக்கத்தில் ஒரு வெடிமருந்து வண்டி வெடித்தது. பிரெஞ்சு அதிகாரி பூசி சிறைபட்டார். 1766இல் பாரிஸில் லாலிக்கு மரண தண்டனை நிறைவேறியதுவரை போக ஆசை வரும் என்று இப்போதே தெரிகிறது. அதனால் 300 சொல்தான் கொடுக்கப்போகிறேன். வந்தவாசிக் கோட்டையை லாலி முற்றுகையிட்டதில் தொடங்குவதா, நேரே அந்த வண்டியிலேயே தொடங்குவதா என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.