சிங்கப்பூரில் பிடித்த வரி திரும்பக் கிடைத்த விவரம்

ஜோகூரில் ரெங்கத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வேலையில் சேர என்னென்ன வேண்டும் என்று கேட்டால் சின்னப் பையன்கூட சொல்வான். வேலையை விடும்போது நடக்கும் வரி விவகாரத்தை மட்டும் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூர் நிரந்தரவாசி அல்லாத மலேசியர் அங்கே வேலையை விட்டால், ஐஆர்21 என்ற வரிக் கணக்குப் பாரத்தை முதலாளி ஒரு மாதம் முன்கூட்டியே சிங்கப்பூர் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஐராஸ் என்றால் எல்லாருக்கும் புரியும். நாம் விலகல் கடிதம் கொடுத்ததுமே, தர வேண்டிய சம்பளம், எடுக்காத லீவுக்கான காசு எல்லாவற்றையும் கம்பெனி நிறுத்தி வைக்கும். ஐராஸ் கணக்குப் பார்த்து முடித்த பிறகு, வரி போக மிச்சம் கைக்கு வரும். சட்டமே அப்படித்தான். கம்பெனி நம் காசை அமுக்கப் பார்க்கிறது என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

நான் வேலையை விட்டது 2023 மே மாதம். அந்த வருடம் அதுவரை வாங்கிய சம்பளம் 12,000 வெள்ளி. அதற்கு 1,800 வெள்ளி வரி என்று நோட்டீஸ் வந்தது. மிச்சத்தைத்தான் கம்பெனி கொடுத்தது. பக்கத்து வீட்டு மாமா, "போனது போச்சு தம்பி, அரசாங்கம் பிடிச்ச காசு திரும்பி வருமா?" என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. என்னோடு வேலை செய்த நண்பன் என்னைவிடக் கூடுதல் சம்பளம் வாங்கியவன். அவனுக்கு ஒரு காசு வரி இல்லை.

நோட்டீஸை நிதானமாகப் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. என்னை வரி வசிப்பாளர் அல்லாதவர் என்று போட்டிருந்தார்கள். சிங்கப்பூரில் ஒரு வருடத்தில் 60 நாளுக்கு மேல், ஆனால் 183 நாளுக்குக் குறைவாக வேலை செய்தவரின் சம்பளத்துக்கு, தனிநபர் கழிவு எதுவும் இல்லாமல் முதல் வெள்ளியிலிருந்தே குறைந்தது 15 விழுக்காடு வரி. வசிப்பாளர் என்றால் முதல் 20,000 வெள்ளிக்கு வரியே கிடையாது. ஜனவரி முதல் மே வரை எண்ணினால் 183 வராதுதான். ஆனால் நான் 2022 ஆகஸ்டிலேயே சேர்ந்துவிட்டேன். வேலை விட்டுப்போகாமல் இரண்டு வருடங்களில் தொடர்ந்து நடந்து, மொத்தம் 183 நாளைத் தொட்டால், இரண்டு வருடத்துக்கும் வசிப்பாளர் கணக்குதான். வார விடுமுறையும் பொது விடுமுறையும் அந்த எண்ணிக்கையில் சேரும்.

அப்புறம் ஏன் இப்படி ஆனது? கம்பெனியில் ஐஆர்21 நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வேலையில் சேர்ந்த தேதி என்ற இடத்தில் 2023 ஜனவரி. அது என் வேலை பாஸைப் புதுப்பித்த மாதம். அந்த ஒரு கட்டத்தில்தான் 1,800 வெள்ளி போயிருக்கிறது.

தனிநபர் என்றால் நோட்டீஸ் தேதியிலிருந்து 30 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். கெடு இருக்கும்போதே ஐராஸுக்கு எழுதிவிட்டேன். நியமனக் கடிதம், 2022 ஆகஸ்ட் சம்பளச் சீட்டு, அந்தச் சம்பளம் விழுந்த வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் சேர்த்து அனுப்பினேன். பாஸ்போர்ட்டை நம்பிப் பயனில்லை. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் தானியங்கி வழியாகப் போய் வந்தால் முத்திரை எங்கே இருக்கும்? அந்தச் சம்பளச் சீட்டை எடுத்து வைத்தது அம்மாவின் பழக்கத்தால்தான். தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும்போது கிராணி (கணக்கர்) எழுதும் எடையை எட்டிப் பார்க்காமல் அவர் நகர்ந்ததே இல்லை. வீட்டுக்கு வரும் எந்தச் சீட்டையும் பிஸ்கட் டின்னில் போட்டுவிடுவார்.

இழுத்தடித்தது கம்பெனிதான். திருத்திய ஐஆர்21 அவர்கள் பக்கமிருந்து போக வேண்டும். வேலையை விட்டவன் போன் செய்தால் யார் அவசரப்படுவார்கள்? "பார்க்கிறோம், பார்க்கிறோம்" என்றே நாள் போனது. போனை விட்டுவிட்டு, தேதியையும் ஆவணங்களையும் மின்னஞ்சலில் எழுதிக் கேட்ட பிறகுதான் வேலை நகர்ந்தது. பாரம் போய்ச் சேர்ந்ததும் ஐராஸ் தரப்பில் சுணக்கமில்லை. வரி பூஜ்யம் என்று திருத்திய நோட்டீஸ் வந்தது. பிடித்த பணம் முழுவதும் என் சிங்கப்பூர் வங்கிக் கணக்கில் விழுந்தது.

அந்தக் கணக்கை மூடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. வேலையை விட்ட கையோடு கணக்கை முடித்துவிட்டு ஊர் வந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். வரி விவகாரம் முழுக்கத் தீரும்வரை கொஞ்சம் காசு போட்டு விட்டு வையுங்கள். விலகல் கடிதம் கொடுக்கும் அன்றே, ஐஆர்21 அனுப்புவதற்கு முன் எனக்கும் ஒரு நகல் காட்டுங்கள் என்று எழுதிக் கேளுங்கள். வந்தால் முதலில் சேர்ந்த தேதியைப் பாருங்கள். சம்பளத் தொகையை அப்புறம் பார்க்கலாம்.