வீட்டுக் கோப்பும் நடைபாதைக் கோப்பும்

உள்ளாட்சி அலுவலகங்களில் குறைந்த வாடகைக் குடியிருப்புக்கு ஒரு பிரிவு இருக்கும், நடைபாதைப் பராமரிப்புக்கு வேறொரு பிரிவு இருக்கும். நான் இரண்டிலும் வேலை பார்த்திருக்கிறேன். குடியிருப்பு என்றால் மன்றத்தில் மணிக்கணக்கில் பேசுவார்கள். அடிக்கல் நாட்டு விழா, திறப்பு விழா எல்லாம் உண்டு. நடைபாதைப் பழுது கடைசித் தீர்மானமாக வரும், வாசித்த கையோடு நிறைவேறும். நிதி போதவில்லை என்றால் முதலில் கை வைப்பதும் அந்தத் தலைப்பில்தான். இந்தப் பிரிவினையே தவறு என்பது என் கருத்து. குறைந்த வாடகை வீட்டில் இருப்பவர்களில் பெரும்பாலோர் நடந்து போகிறவர்கள்.

பேவர் பிளாக் பதித்த நடைபாதை தானாகக் கெடுவது குறைவு. குடிநீர்க் குழாய்க்கோ கேபிளுக்கோ தோண்டுவார்கள். தோண்டிய மண்ணை ஒரேயடியாகத் தள்ளி மூடி, மேலே கல்லை அடுக்கிவிட்டுப் போவார்கள். அன்றைக்குப் பார்த்தால் மட்டமாகத்தான் தெரியும். நாலு மழை பெய்த பிறகு, தோண்டிய நீளத்துக்கு அப்படியே அமுங்கிக் கிடக்கும். மண்ணைச் சிறு சிறு அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் இறுக்க வேண்டும். அதன்மேல் ஜல்லி, அதற்கும் மேல் 3 முதல் 5 சென்டிமீட்டர் மணல், பிறகுதான் கல். இடுக்குகளில் மணலைப் பெருக்கித் தள்ளி வைப்ரேட்டர் ஓட்டினால்தான் கற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதனால் வேலை முடிந்தபின் பார்வையிடுவதைவிடப் பள்ளத்தை மூடும்போது போய் நிற்பதையே நான் வழக்கமாக்கிக்கொண்டேன். மூடிய பிறகு உள்ளே என்ன நடந்தது என்று மேலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

கல்லைத் திரும்பப் பதிக்கும்போது நடக்கும் இன்னொரு கொடுமையையும் சொல்லியாக வேண்டும். பார்வையற்றோர் காலால் உணர்ந்து நடப்பதற்கான மஞ்சள் கற்களை ஜப்பானைச் சேர்ந்த செய்ச்சி மியாகே 1965-இல் உருவாக்கினார். 1967-இல் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதித்தார்கள். நீளக் கோடுகள் என்றால் அந்தத் திசையில் போகலாம். புள்ளிகள் என்றால் நிற்க வேண்டும், முன்னால் சாலையோ படியோ இருக்கிறது. தோண்டி மூடும் ஆட்களுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கோட்டுக் கல்லை விளக்குக் கம்பத்தை நோக்கிப் பதித்து வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். கையில் ஒரு படத்தைக் கொடுத்து விளக்கியதும் அந்த மேஸ்திரி மறுபேச்சுப் பேசாமல் பெயர்த்துச் சரிசெய்தார்.

சக்கர நாற்காலியில் வரும் ஒருவரோடு ஒரு தெரு முழுக்கப் போன பிறகு நான் எஸ்டிமேட் போடும் விதமே மாறியது. மழைநீர் வடிய நடைபாதை சாலைப் பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவே போதும். அதைத் தாண்டினால் நாற்காலி தாழ்ந்த பக்கமாகவே இழுக்கும். அவர் ஒரு கையால் மட்டும் மூச்சுப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார், மறு கை சக்கரத்தைப் பிடித்து நிறுத்தப் போராடியது. எங்கள் புகார்ப் பட்டியலில் அந்தத் தெரு இல்லவே இல்லை. உடைந்த கல் இருந்தால்தான் புகார் வரும்.

குடியிருப்புப் பிரிவுக்கு மாறியபோது வாடகைக் கணக்குதான் எனக்கு முதலில் உறுத்தியது. வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் வாடகை இருந்தால் அது கட்டுப்படியாகும் வீடு என்று பல நாடுகளில் கணக்குப் போடுகிறார்கள். அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளுக்கு 1969-இல் 25 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 1981-இல் அதை 30 ஆக்கினார்கள். இந்தக் கணக்கில் போக்குவரத்துச் செலவு வராது. நிலம் மலிவு என்று ஊரின் ஓரத்தில் கட்டிவிட்டு, அங்கிருந்து பஸ் நிறுத்தம் வரை நடக்கப் பாதையே இல்லாவிட்டால், வாடகையில் மிச்சம் பிடித்ததை வண்டிக்குக் கொடுக்க வேண்டியதுதான். வயதானவர்களோ வெளியே போவதையே குறைத்துக்கொள்வார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தனியார் வாடகை வீடுகள் நிறைந்த ஒரு தெருவில் நடைபாதையைப் புதுப்பிக்கக் கருத்துக் கேட்கப் போனோம். “சார், இதை நல்லா போட்டுட்டீங்கன்னா வாடகையை ஏத்திடுவாங்க. அப்புறம் இதுல நடக்க நாங்க இருக்க மாட்டோம்” என்றார் ஓர் அம்மா. கூட்டத்தில் யாரும் அதை மறுக்கவில்லை. அதற்காகப் பாதையை உடைந்தபடியே விட்டுவைப்பதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் அவர் சொன்னது உண்மை. தெரு நன்றாக ஆகும்போதும் அதே ஆட்கள் அங்கே இருக்க வேண்டுமென்றால், வீடுகளில் ஒரு பங்காவது உள்ளாட்சியின் கையில் இருக்க வேண்டும்.

வியன்னா அதைத்தான் செய்தது. 1923-இல் வீட்டு வரி ஒன்றை விதித்து, பெரிய வீடுகளுக்குக் கூடுதலாக வசூலித்து, 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டினார்கள். அவற்றையும் பிறகு கட்டியவற்றையும் விற்காமல் வைத்துக்கொண்டதால் இன்று நகராட்சியிடம் சுமார் 2,20,000 வீடுகள் இருக்கின்றன. பிரிட்டனிலோ 1980 சட்டத்தின்படி உள்ளாட்சி வீடுகளை அவற்றில் குடியிருப்பவர்களே தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளலாம் என்றானதும் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கைமாறின. ஈடாகப் புதிதாகக் கட்டியது சொற்பம். வாங்கிய குடும்பங்கள் பலன் பெற்றார்கள், அடுத்து வரிசையில் நின்றவர்களுக்கு வீடு இல்லை.

இப்போது நாங்கள் குடியிருப்புத் திட்டம் தயாரிக்கும்போது, வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரையிலான நடைபாதையையும் அதே எஸ்டிமேட்டில் சேர்க்கிறோம். இது குடியிருப்புச் செலவில் வராது என்று தணிக்கையில் ஆட்சேபம் எழுதினார்கள். பதில் எழுதியிருக்கிறோம், கோப்பு இன்னும் முடியவில்லை. அந்த அம்மாவின் தெருவில் பாதை வேலை தொடங்கிவிட்டது. அதே தெருவில் சும்மா கிடக்கும் உள்ளாட்சி நிலத்தை விற்காமல் வாடகை வீடு கட்டுவதற்கென்று ஒதுக்கச் சொல்லி, தீர்மானத்தை அடுத்த மன்றக் கூட்டத்துக்கு வைத்திருக்கிறேன்.