கிலோ போன பிறகு

டிராக் சைக்கிளில் ஸ்பிரின்ட் என்னும் குறுந்தூர வேகப் போட்டி ஓட்டுபவர் காலை ஒன்பது மணிக்கு வெலோட்ரோமுக்குள், அதாவது வளைவுகள் சாய்ந்த சைக்கிள் பந்தயத் தளத்துக்குள் போனால் மதியம்வரை அங்கேதான் இருப்பார். அந்த மூன்று நான்கு மணி நேரத்தில் அவர் முழு பலத்தோடு மிதிப்பது, கூட்டிப் பார்த்தால் இரண்டு நிமிடம் வந்தாலே அதிகம். அரை மணி நேரம் மெதுவாகச் சுற்றி உடம்பைச் சூடேற்றுவார். பிறகு பதினைந்து, இருபது நொடிக்கு ஒரு முயற்சி. இறங்கி, நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்க உதவும் ரோலரில் இலேசாக மிதித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அடுத்த முயற்சிக்கு இருபது நிமிடமாவது ஆகும். முதல்முறை பார்க்க வருபவர்களுக்கு இது சோம்பலாகத் தெரியும். ஆனால் அவசரப்பட்டு முன்னதாகவே ஏறினால் தசையும் நரம்பும் முழுதாகத் தெளிந்திருக்காது. நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு கூடிவிடும். குறைந்த வேகத்தில் செய்த பயிற்சி குறைந்த வேகத்தைத்தான் உடம்புக்குப் பழக்கும். அதனால் காத்திருப்பதும் இந்தத் தொழிலில் வேலைதான்.

இந்தத் தொழிலை முழுதாகப் புரிந்துகொள்ள ஒரே ஒருவரின் பணிக்காலத்தைப் பார்த்தால் போதும் என்றால், ஸ்காட்லாந்தின் கிறிஸ் ஹோயைச் சொல்வேன். ஆறு ஒலிம்பிக் தங்கம், ஒரு வெள்ளி என்ற கணக்கு எல்லாருக்கும் தெரியும். என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறு. அவர் உலகிலேயே சிறந்தவராக இருந்த போட்டியை, அவர் தங்கம் வென்ற மறு ஆண்டே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் வென்ற ஐந்து தங்கமும் அவர் திரும்பக் கற்றுக்கொண்ட தொழிலில் வந்தவை.

1976இல் எடின்பரோவில் பிறந்தவர். சிறுவனாக பிஎம்எக்ஸ் என்னும் மண்மேட்டுச் சைக்கிள் பந்தயம், பள்ளியில் படகு வலித்தல், அதன்பின் டிராக். அவர் பழகிய மெடோபேங்க் வெலோட்ரோம் கூரையில்லாத மரத்தளம். தூறல் விழுந்தால் அன்றைய பயிற்சி அவ்வளவுதான். நனைந்த மரத்தில், செங்குத்தாகச் சாய்ந்த வளைவில், டயருக்குப் பிடிமானம் இருக்காது. 1994இல் மான்செஸ்டரில் கூரை போட்ட வெலோட்ரோம் திறந்ததும், 1997இலிருந்து பிரிட்டனின் தேசிய லாட்டரிப் பணம் விளையாட்டுக்கு வந்ததும் அந்தத் தலைமுறையின் வாழ்க்கையையே மாற்றின. 1999 உலகப் போட்டியிலும் 2000 சிட்னி ஒலிம்பிக்கிலும், மூவர் அணியாக ஓடும் டீம் ஸ்பிரின்டில் வெள்ளி. பிறகு கிலோ.

கிலோ என்றால் நின்ற இடத்திலிருந்து புறப்பட்டுத் தனியாளாக 1,000 மீட்டர், 250 மீட்டர் தளத்தில் நான்கு சுற்று. பின்சக்கரத்தை ஒரு இயந்திரம் பிடித்துக்கொண்டிருக்கும். கடிகாரம் பின்னோக்கி எண்ணும். கடைசி ஐந்து நொடிக்கு ஒலி வரும். முன்கால் பெடலைத் தாங்கும் தண்டான கிராங்க் கிடைமட்டத்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். கடைசி ஒலிக்கு முன் இடுப்பைப் பின்னால் இழுத்து, பூஜ்யம் வரும் அதே கணத்தில் முன்னால் எறிய வேண்டும். முந்திக்கொண்டால் இயந்திரம் விடாது. முன்னால் போன உடம்பு மோதித் திரும்பி வருவதற்குள் அரை மிதி வீணாகும். பிந்தினால் அந்த நேரம் திரும்ப வரவே வராது. மேலும், புறப்படும்போது கால் கீழே அழுத்துவதோடு நிற்பதில்லை, மறுகால் மேலே இழுக்கவும் செய்கிறது. பூட்டிக்கொள்ளும் பெடல் மட்டும் போதாது என்று அதன்மேல் தோல்வாரும் கட்டுவது அதனால்தான். 1996 அட்லாண்டாவுக்கு உலக சாம்பியனாக வந்த ஆஸ்திரேலியர் ஷேன் கெல்லிக்குப் புறப்படும்போதே பெடலிலிருந்து கால் நழுவியது. நான்கு ஆண்டு உழைப்பு முதல் சில மீட்டரிலேயே முடிந்தது.

முதல் சுற்று ஏறக்குறைய 18 நொடி. இரண்டாவதுதான் வேகமானது, 14 நொடிக்கும் குறைவு. மூன்றாவதில் கால் கனக்கத் தொடங்கும். நான்காவதில் தொடையில் அமிலம் தேங்கி, மிதி வட்டமாக வராமல் சதுரமாக வரும். இந்த இடத்தில் பலர் செய்யும் தவறு, தோளையும் தலையையும் ஆட்டுவது. தலை உயர்ந்தால் காற்று அகலமாகப் பிடிக்கும்; சைக்கிள், தளத்தின் உள்விளிம்பை ஒட்டி வரைந்த கறுப்புக் கோட்டை விட்டு மேலே ஏறினால் ஓடும் தூரமும் கூடும். ஹோய் ஏறக்குறைய 92 கிலோ எடையுள்ள மனிதர். அந்த உடம்பை நான்காவது சுற்றிலும் கோட்டின்மேல் அசையாமல் வைத்திருந்ததுதான் அவருடைய கைத்திறன் என்பது என் கணிப்பு. அவரைப்போல பலம் உள்ளவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள்.

2004 ஏதென்ஸில் அவர் கடைசி ஆளாக இறங்கினார். அவருக்கு முன் இறங்கிய மூவரும் ஒருவர் நேரத்தை அடுத்தவர் முறியடித்தார்கள்: கெல்லி 1:01.224, ஜெர்மனியின் நிம்கே 1:01.186, பிரான்சின் துர்னான் 1:00.896. ஹோய் 1:00.711, தங்கம். முன்னால் போனவர்கள் சாதனையை உடைத்தால் என்ன செய்வாய் என்ற கேள்வியை மனநல மருத்துவர் ஸ்டீவ் பீட்டர்ஸ் மாதக்கணக்கில் முன்பே அவரிடம் கேட்டிருந்தார். அந்தச் சூழலை மனதுக்குள் ஓட்டிப் பார்த்து, தன் ஓட்டத்தை மட்டும் நினைப்பது என்று அவர் பழகிவைத்திருந்தார். இது தன்னம்பிக்கைப் பேச்சு வகையைச் சேர்ந்ததல்ல. புறப்படும் இயந்திரத்தில் செய்யும் பயிற்சி போலவே திரும்பத் திரும்பச் செய்யப்படும் பயிற்சி.

2005இல் பிஎம்எக்ஸுக்கு இடம் கொடுக்க, ஆண்கள் கிலோவையும் பெண்கள் 500 மீட்டரையும் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கினார்கள். ஹோய்க்கு அப்போது 29 வயது. மீதமிருந்தவை மூன்று: டீம் ஸ்பிரின்ட், ஸ்பிரின்ட், கெய்ரின்.

கிலோக்காரர் கெய்ரினுக்குப் போவது, ஓடுவது ஒன்றுதானே என்று தோன்றினாலும், வேறொரு வேலைக்குப் போவதுதான். கிலோவில் எதிராளி கிடையாது. கெய்ரின் 1948இல் ஜப்பானின் கொகுராவில் பந்தயச் சூதாட்டமாகத் தொடங்கியது. சிட்னியில்தான் ஒலிம்பிக்குக்குள் வந்தது. டெர்னி என்னும் சிறு மோட்டார் வண்டி முன்னே 30 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி 50 வரை கூட்டிக்கொண்டு போகும். ஆறேழு பேர் வரிசையாகப் பின்னால். ஹோயின் காலத்தில் இரண்டரைச் சுற்று மீதமிருக்கும்போது டெர்னி விலகும். இப்போது மூன்று சுற்று. அதற்கப்புறம் தோளும் முழங்கையும் உரசும் ஓட்டம். பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவருக்குக் காற்றுத் தடை குறைவு. முன்னால் போகிறவர் எல்லாருக்கும் சேர்த்துக் காற்றை உடைக்க வேண்டும். ஆகவே பாடப்புத்தக வழி, மூன்றாவதாக ஒளிந்திருந்து கடைசி வளைவில் வெளியே வருவது.

ஹோய் அதற்கு நேர்மாறாகச் செய்தார். ஒன்றரை, சில சமயம் இரண்டு சுற்று மீதமிருக்கும்போதே முன்னே போய், அங்கிருந்து வேகத்தைக் குறைக்காமல் ஓட்டினார். அவரைத் தாண்ட வேண்டுமென்றால் வளைவில் வெளிப்பக்கமாக, அதாவது அதிக தூரம், அதைவிட அதிக வேகத்தில் போக வேண்டும். வெறும் ஸ்பிரின்ட் பயிற்சி மட்டும் உள்ளவருக்கு இருபது நொடிக்கு மேல் கால் நிற்காது. கிலோவில் ஒரு நிமிடம் எரிந்து பழகிய கால் நிற்கும். பறிபோன போட்டியின் பயிற்சியே புதிய போட்டியில் ஆயுதமானது இப்படித்தான். 2007 மயோர்க்காவில் கெய்ரினிலும் கிலோவிலும் உலக சாம்பியன். அதே ஆண்டு மே மாதம், காற்று மெலிந்த லா பாஸில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில், கிலோ உலக சாதனைக்கு முயன்றார். துர்னானின் சாதனை 58.875. ஹோய் 58.880. பறக்கும் 500 மீட்டர், அதாவது வேகம் பிடித்த பிறகு நேரம் அளக்கும் 500 மீட்டர் சாதனையை மட்டும் 24.758 நொடியில் எடுத்துக்கொண்டு திரும்பினார்.

ஒருவருக்கு ஒருவர் மோதும் ஸ்பிரின்ட் அவருக்குக் கடைசியாகத்தான் வசப்பட்டது. அதில் முதல் சுற்று முழுக்கப் பூனை நடை. எதிராளியின் தோளையும் முன்சக்கரத்தையும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். தாமதமாகப் பார்த்தால் இரண்டு சைக்கிள் நீளம் போய்விடும். 2008 மான்செஸ்டரில் அவர் உலகப் பட்டம் வென்றபோது, 1954இல் ரெக் ஹாரிஸ் வென்ற பிறகு ஒரு பிரிட்டிஷ் ஆணுக்குக் கிடைத்த முதல் பட்டம் அது. அதே ஆண்டு பெய்ஜிங்கில் தகுதிச்சுற்றின் பறக்கும் 200 மீட்டரை 9.815 நொடியில் முடித்தார். மணிக்கு 73 கிலோமீட்டருக்கு மேல். ஸ்பிரின்ட், கெய்ரின், டீம் ஸ்பிரின்ட், மூன்றிலும் தங்கம்.

கியரைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றிப் பேச முடியாது. சைக்கிளுக்கு ஒரே கியர்தான். மிதிக்காமல் உருள விடும் ஃப்ரீவீல் கிடையாது, பிரேக் கிடையாது. முன்னே 49 பல், பின்னே 14 பல் போட்டால் ஒரு மிதிக்கு ஏறக்குறைய 7.3 மீட்டர் போகும். 72 கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்தில் 164 மிதி வேண்டும். 60க்கு 15 போட்டால் ஒரு மிதிக்கு 8.36 மீட்டர், அதே வேகத்துக்கு 143 மிதி போதும். ஆனால் புறப்படும்போதும், திடீரென்று எதிராளி பாயும்போதும் பெரிய கியர் நகராது. இன்றைக்கு எல்லாரும் பெரிய கியர் பக்கம் போய்விட்டார்கள். அதற்கு ஈடாக ஜிம்மில் எடை தூக்கும் வேலையும் கூடியிருக்கிறது.

செயின் இழுவையில் கைவைத்துப் பார்க்காமல் யாரும் தளத்தில் இறங்கக் கூடாது. நடுவில் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அசைய வேண்டும். பெடலை முழுச்சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். முன் பல்சக்கரமான செயின்ரிங் கொஞ்சம் மையம் விலகியிருந்தால் ஒரு இடத்தில் இறுகும், இன்னொரு இடத்தில் தளரும். தளர்ந்த செயின் பல்லை விட்டு நழுவினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளக்கூடும். பெடலோடு கட்டிய காலோடு 70 கிலோமீட்டர் வேகத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. டியூபுலர் டயரை ரிம்மில் ஒட்டும் பசையும் அப்படித்தான். ஓரத்தில் விரலால் தள்ளிப் பார்த்து, எங்கேயாவது பிரிகிறதென்றால் மேலே கொஞ்சம் பசை தடவக் கூடாது. முழுதாகக் கழற்றி மறுபடி ஒட்ட வேண்டும்.

விழுவது இந்த வேலையில் எப்போதாவது வரும். மரத்தளத்தில் விழுந்தால் தோல் தேய்ந்து எரிவதோடு போகாது. பலகையின் சிராய் உடம்பில் ஏறும். 1996இல் மெடோபேங்கில் விழுந்த ஜேசன் குவீலியின் உடம்பில் ஒன்றரை அடி நீளச் சிராய் ஏறியது. அவர்தான் நான்கு ஆண்டு கழித்து சிட்னியில் கிலோ தங்கம் வென்றார். 2011இல் மான்செஸ்டர் கெய்ரினில் மலேசியாவின் அசிசுல்ஹஸ்னி அவாங்கின் கெண்டைக்காலை ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் சிராய் துளைத்து நின்றது. அதோடு எழுந்து சைக்கிளேறி மூன்றாவதாக முடித்தவர், 2017இல் கெய்ரின் உலக சாம்பியன் ஆனார். ஹோய் 2009இல் கோப்பன்ஹேகனில் விழுந்தபோது இடுப்பருகே தோலும் அடித்தசையும் பிரிந்துபோய், அந்த ஆண்டின் உலகப் போட்டியையே இழந்தார். சிராய் குத்தியிருந்தால் அந்த இடத்திலேயே பிடுங்கக் கூடாது. உள்ளே ரத்தக்குழாய் அருகில் இருக்கக்கூடும். மருத்துவர் கையில்தான் அது வெளியே வர வேண்டும்.

லண்டன் 2012இல் தனிநபர் போட்டிகளுக்கு நாட்டுக்கு ஒருவர் மட்டும் என்று விதி மாறியது. ஸ்பிரின்ட் இடம் ஜேசன் கென்னிக்குப் போனது. அது சரியான தேர்வுதான். கென்னி தங்கம் வென்று காட்டினார். ஹோய்க்கு டீம் ஸ்பிரின்டும் கெய்ரினும். டீம் ஸ்பிரின்டில் மூன்றாவது ஆளின் வேலை அவருடையது: முதல் இரண்டு சுற்றும் முன்னிருப்பவரின் பின்சக்கரத்தை விடாமல் பிடித்து, கடைசிச் சுற்றைத் தனியாக முடிப்பது. அணியின் முதல் ஆளான ஹிண்டஸ் புறப்படும் வேகத்துக்கு 92 கிலோ உடம்பை இழுத்துக்கொண்டு போவதுதான் அதில் கடினம். முதல் அரைச் சுற்றில் ஒரு சைக்கிள் இடைவெளி விழுந்தால், அதை மூடுவதிலேயே கடைசிச் சுற்றுக்கான பலம் போய்விடும். இறுதியில் நேரம் 42.600, உலக சாதனை.

கெய்ரின் இறுதியில் வழக்கம்போல முன்னே போனார். கடைசிச் சுற்றில் ஜெர்மனியின் லெவி வெளிப்பக்கமாக வந்து ஒரு கணம் முந்தியும் விட்டார். ஹோய் உள்பக்கத்திலேயே இருந்து, கடைசி வளைவில் திரும்ப எட்டிப் பிடித்து முடித்தார். 36 வயது. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் வரை ஓட வேண்டும் என்ற ஆசை இருந்தது. அந்த வெலோட்ரோமுக்கு அவர் பெயரையே வைத்திருந்தார்கள். ஆனால் உடம்பில் அதற்கு மேல் மிச்சமில்லை என்று அவருக்கே தெரிந்தது. 2013 ஏப்ரலில் எடின்பரோவில் ஓய்வை அறிவித்தார்.