மிச்சமிருந்த 4 மில்லிமீட்டர்

அம்மாவையும் பெரியம்மாவையும் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோவிலுக்குப் போன அன்றுதான், காரின் சஸ்பென்ஷனை நான் பிழையாக அமைத்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. மண்முனைப் பாலத்தில் ஏறும்போது பின்பக்கம் 'டங்' என்று இடித்தது. பாலம் முடிந்து இறங்கும்போது மறுபடியும். "மனே, இது காரா, மாட்டு வண்டிலா?" என்றார் அம்மா. "மாட்டு வண்டிலில் வைக்கோலாவது போட்டிருப்பார்கள்" என்றார் பெரியம்மா. 2014இல் பாலம் திறக்கும் வரை அந்த வாவியைப் பாதையில் (வாகனமும் ஏற்றும் மிதவைப் படகில்) ஏறிக் கடந்தவர்கள் இருவரும். பாதை கூட இப்படிக் குலுக்கவில்லை என்று திரும்பி வரும் வழி முழுவதும் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

கார் ஒரு ஹோண்டா சிவிக், இகே4 மாடல். பி16ஏ எஞ்சின், 1595 சிசி, ஜப்பான் சந்தைக்கான வடிவத்தில் 170 குதிரைவலு. எனக்கு முன் வைத்திருந்தவர் காரைத் தாழ்த்துவதற்கு ஸ்பிரிங்கை கிரைண்டரால் வெட்டியிருந்தார். கோவில் பயணத்துக்கு முன்பே ஒரு நாள் ஜக் போட்டுத் தூக்கி, பின்சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங்கைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன், கையோடு சுற்றியது. ஷொக் (குலுக்கலை அடக்கும் எண்ணெய்க் குழாய்) முழுதாக நீளும்போது ஸ்பிரிங் தன் இருக்கையைத் தொடவே இல்லை. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது அது சரியான இடத்தில் வந்து உட்காரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அன்றே அதைக் கழற்றிப் போட்டுவிட்டேன்.

ஷொக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் சேர்ந்து, உயரத்தை மாற்றக்கூடிய 'கொயில் ஓவர்' புதிதாக வாங்கக் காசு இல்லை. கம்பனி உயரத்துக்கே திரும்பிப் போக மனம் இல்லை. ஆகவே கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய், ஜப்பானில் கழற்றிய பழைய கொயில் ஓவர் ஒரு தொகுதி வாங்கி, சாக்கில் சுற்றி இரவு பஸ்ஸில் ஊருக்குக் கொண்டு வந்தேன். வாங்கும்போது ஷொக்கின் தண்டைத்தான் முதலில் பார்த்தேன். தண்டில் துரும்பளவு துரு இருந்தாலும் எண்ணெய் சீல் நாள் பிடிக்காது. பிறகு ஒவ்வொன்றையும் கையால் அழுத்தி, நடுவில் எங்கேயாவது எதிர்ப்பில்லாமல் சட்டென்று வழுக்குகிறதா என்று பார்த்தேன். கடைசியாக ஸ்பிரிங்கில் அச்சிட்டிருக்கும் எண். 62-180-4 என்றால் உள் விட்டம் 62 மில்லிமீட்டர், நீளம் 180 மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் அமுங்க 4 கிலோ தேவை.

அந்த 4தான் நான் செய்த பிழை. கடையில் 6 கிலோ ஸ்பிரிங்கும் இருந்தது. எங்கள் பக்கத்து உள்வீதிகள், வேகத்தடைகள், பின் இருக்கையில் அம்மா என்று எல்லாவற்றையும் யோசித்து, மென்மையான ஸ்பிரிங்தான் சொகுசு என்று நானே தீர்மானித்து 4ஐ எடுத்தேன். பூட்டி, சக்கர மையத்திலிருந்து மட்கார்ட் விளிம்புக்கு 31.5 சென்டிமீட்டர் வரும்படி இறக்கினேன். நிலத்திலிருந்து அளப்பவர்கள் உண்டு. டயரில் காற்றுக் குறைந்தாலே அந்த அளவு மாறிவிடும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. தனியாக ஓட்டியபோது குறை எதுவும் தெரியவில்லை. அதன் பிறகுதான் கொக்கட்டிச்சோலைப் பயணம்.

ஆரையம்பதியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். "ஸ்பிரிங் இன்னும் மென்மையாக வேண்டுமா அண்ணன்?" என்று அவரிடம் கேட்டேன். பதில் சொல்லாமல், வயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டி ஒன்றை எடுத்து, ஷொக்கின் தண்டைச் சுற்றி இறுக்கி, உடலின் விளிம்புவரை கீழே தள்ளிவிட்டார். "இரண்டு பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று ஓடிவிட்டு வா தம்பி." ஷொக் அமுங்கும்போது அதன் உடல் பட்டியை மேலே தள்ளும், நீளும்போது பட்டி நின்ற இடத்திலேயே நிற்கும். காத்தான்குடிவரை போய்த் திரும்பி வந்து டோர்ச் அடித்துப் பார்த்தோம். பட்டி தண்டின் உச்சியில், தடுப்பு ரப்பருக்குள் பாதி புதைந்திருந்தது. ரப்பரின் கீழ் விளிம்பு நசுங்கி, கண்ணாடி போல் பளபளத்தது. நான் ஓட்டிக்கொண்டிருந்தது ஸ்பிரிங்கின் மேல் அல்ல, அந்த ரப்பரின் மேல்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். இந்தக் காரில் ஷொக் சக்கரத்துக்கு நேராக நிற்பதில்லை. சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கீழ்க் கையான லோவர் ஆர்மின் உள் முனையிலிருந்து வெளி முனைவரை நாடா பிடித்தால், ஷொக் பூட்டும் போல்ட் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குத் தூரத்தில் இருக்கிறது. நெம்புகோல் கணக்குத்தான். சக்கரத்தில் 70 கிலோ கூடினால் ஸ்பிரிங்கில் 100 கிலோவுக்கு மேல் கூடும். பின்னால் இரண்டு பேர் ஏறினால் பக்கத்துக்குச் சுமார் 70 கிலோ. 4 கிலோ ஸ்பிரிங் அதற்கே 26 மில்லிமீட்டர் அமுங்கும். கார் வெறுமனே நிற்கும்போது தண்டில், ரப்பரில் இடிக்கும்வரை மிச்சமிருந்த ஓட்டம் 30 மில்லிமீட்டர். ஆக, அம்மாவும் பெரியம்மாவும் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு எஞ்சியது வெறும் 4 மில்லிமீட்டர். வேகத்தடை எதற்கு, ஒரு கல் போதும்.

6 கிலோ ஸ்பிரிங்கை வரவழைத்தேன். பூட்டியதும் கார் தானாகவே மூன்று சென்டிமீட்டருக்கு மேல் எழும்பிவிட்டது. ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையமான கொலரை இறக்கி, பழைய அளவைவிட 20 மில்லிமீட்டர் உயரத்தில், 33.5 சென்டிமீட்டரில் நிறுத்தினேன். என் தொகுதியில் உயரத்தை மாற்ற ஸ்பிரிங்கின் அடித்தட்டைத்தான் ஏற்றி இறக்க வேண்டும். ஆகவே உயரம் கூடும்போது ஓட்டமும் கூடும். சக்கரத்தில் 20 என்றால் ஷொக்கில் 13. இப்போது மிச்ச ஓட்டம் வெறும் காரில் 43, ஆட்கள் ஏறினால் 26. கடினமான ஸ்பிரிங் போட்ட பிறகுதான் கார் மென்மையானது. இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள்; ஏறி உட்கார்ந்த பிறகு சிரிப்பதில்லை. (காரின் அழகு 20 மில்லிமீட்டர் குறைந்துவிட்டது என்று வருந்திய ஒரே ஆள் என் தம்பி. அவனிடம் கார் இல்லை.)

6 நல்லதென்றால் 10 இன்னும் நல்லதுதானே என்று கேட்கலாம். முன்சக்கரம் இழுக்கும் கார் இது. பாரத்தில் பெரும்பகுதி முன்னால். பின்பக்கத்தை ஓரளவு விறைப்பாக்கினால் வளைவில் மூக்கு நன்றாகத் திரும்பும். அளவு மீறினால், வளைவின் நடுவில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த கணத்தில் பின்பக்கம் வெளியே வழுக்கும். செங்கலடியிலிருந்து பதுளைக்குப் போகும் ஏ5 வீதியில், பிபிலை தாண்டி லுணுகலைக்கு ஏறும் வளைவுகளில் மழை நாளில் அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே விருப்பமில்லை.

இடிப்பது நின்றது. ஆனால் நேர் வீதியில் பாதை மாறும்போது பின்பக்கம் அரை நொடி பிந்தி வந்து சேர்ந்தது, யாரோ வாலைப் பிடித்து ஆட்டுவது போல. அதற்கு இரண்டு காரணங்கள் கிடைத்தன.

முதலாவது புஷ், அதாவது ஆர்ம் பூட்டும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம். சில மாதங்களுக்கு முன் நகரில் ஒரு கராஜில் லோவர் ஆர்ம்களுக்குப் புதிய ரப்பர் புஷ் போட்டிருந்தேன். கழற்றிப் பார்த்தபோது ரப்பர் நடு இரும்புக் குழாயிலிருந்து பிறை வடிவில் கிழிந்திருந்தது. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை இறுக்கியிருக்கிறார்கள். அப்படி இறுக்கினால் நடுக்குழாய் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். காரை இறக்கியதும் ஆர்ம் மேலே திரும்ப, ரப்பர் முறுக்கப்பட்டு நிற்கும். கார் நிற்கும்போதும் முறுக்கு, ஓடும்போதும் முறுக்கு. தாழ்த்திய காரில் ஆர்ம் இன்னும் அதிகம் திரும்புவதால் கிழிவதும் சீக்கிரம். இம்முறை போல்ட்டுகளைக் கையிறுக்கமாக மட்டும் விட்டு, ஆர்மின் வெளி முனைக்கு ஜக் கொடுத்து, மையத்திலிருந்து மட்கார்ட் விளிம்புக்கு அதே 33.5 வரும்வரை ஏற்றி, பிறகுதான் இறுக்கினோம். ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் கூடுதலாகச் செலவானது. உயரத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைத் தளர்த்தி மறுபடி இறுக்க வேண்டும்.

இரண்டாவது, சக்கரத்தின் திசை. டயரின் உள் ஓரத்தைக் கையால் தடவினால் வாள்பல் மாதிரி தட்டியது. எல்லோரும் கேம்பரைத்தான், அதாவது சக்கரம் உள்பக்கமாகச் சாய்ந்து நிற்பதைத்தான், குற்றம் சொல்வார்கள். கேம்பரை அளக்கத் தூக்கு நூல் போதும்: மட்கார்ட்டிலிருந்து தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்மின் மேல், கீழ் விளிம்புகளுக்கும் உள்ள தூர வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். 15 அங்குல ரிம் விளிம்புக்கு விளிம்பு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர்; அதில் 7 மில்லிமீட்டர் ஒரு பாகை. எனக்கு 14 வந்தது, அதாவது 2 பாகை. அது இவ்வளவு வேகமாக டயரைத் தின்னாது. இந்தக் காரின் பின்பக்கக் கேம்பரை மாற்றத் தனி ஆர்ம் வாங்க வேண்டும், நான் வாங்கவில்லை.

தின்றது டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்பது. முற்றத்துச் சீமெந்துத் தரையில் காரை நிறுத்தி, பின்சக்கரங்களின் அடியில் நடுவில் கிரீஸ் பூசிய சொப்பிங் பைகளை இரண்டிரண்டாக வைத்து, இரு பக்கமும் தங்கூசி கட்டினேன். மீன்பிடிக்கிற தங்கூசியை விட நேரான கோடு எங்கள் ஊரில் கிடைக்காது. வலது பின்சக்கர ரிம்மின் முன் விளிம்பு, பின் விளிம்பைவிட 3 மில்லிமீட்டர் தங்கூசிக்கு அருகில் இருந்தது. சக்கரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. சக்கரத்தை முன்பின்னாகப் பிடிக்கும் டிரெயிலிங் ஆர்முக்கு முன்னால் உள்ள குட்டி ஆர்மின் போல்ட்டைத் தளர்த்தி நகர்த்தி, இரு சக்கரங்களும் 1 மில்லிமீட்டர் உள்ளே பார்க்கும்படி வைத்தேன். போல்ட்டை இறுக்கும்போது அளவு ஓடிவிடும். மூன்று முறை ஓடியது. நான்காம் முறை நின்றது. வாலை ஆட்டியது அன்றோடு போனது.

ஷொக்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் கிளிக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முழுவதும் கடினப் பக்கம் திருப்பி, அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். இரண்டிரண்டாக மாற்றி, களுவாஞ்சிக்குடிவரை ஒரே வீதியில், ஒரே டயர் காற்றில் ஓடிப் பார்த்தேன். 12இல் ஒரு மேட்டுக்குப் பிறகு கார் ஒரே தடவையில் அடங்கியது. அங்கேயே விட்டுவிட்டேன். கல்லடியில் வீடு என்பதால் உப்புக்காற்றுதான் பெரிய தொல்லை. கொலர் சுழலும் திருகு மரைகளில் மணலும் உப்பும் சேர்ந்தால் அடுத்த வருடம் சுத்தியல்தான். தூரிகையால் துடைத்து, கிரீஸ் பூசி, பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியிருக்கிறேன்.

போன மாதம் மறுபடியும் கொக்கட்டிச்சோலை. அதே பாலம், அதே பின் இருக்கை, பெரியம்மாவின் மடியில் கூடுதலாக ஒரு பலாப்பழம். வந்ததும் டோர்ச் அடித்துப் பார்த்தேன். பட்டி தடுப்பு ரப்பருக்கு 7 மில்லிமீட்டர் கீழே நின்றிருந்தது. இடது பின்பக்கம் மட்டும் மெதுவாகப் போகும்போது 'கிட், கிட்' என்கிறது. அது ஷொக்கைப் பூட்டும் மேல் மவுண்டா, டிக்கிப் பூட்டா என்று இன்னும் பிடிபடவில்லை. பலாப்பழம் உருண்ட சத்தம் என்கிறார் பெரியம்மா.