கோட்டு ஒழுகவில்லை

போன செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காவிரியில் பூலாம்பட்டிப் படகுத்துறைக்குச் சற்று மேலே, பாறையில் உட்கார்ந்து தூண்டில் போட்டிருந்தேன். நாலரை மணி இருக்கும். எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைப் பக்கமிருந்து மழை ஆற்றைத் தாண்டி வந்தது. தண்ணீர் மேல் வெள்ளைக் கோடு ஒன்று நகர்ந்து வருவது போலத் தெரியும். மற்ற நாளாக இருந்தால் தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டு டீக்கடைக்கு ஓடியிருப்பேன். அன்றைக்கு இடி மின்னல் எதுவும் இல்லை. அதோடு, ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கும் என் தம்பி அனுப்பிய மழைக்கோட்டு முதல்முதலாக என் மேல் இருந்தது. அங்கே ஆற்றில் இறங்கி டிரவுட் மீன் பிடிக்கிறவர்கள் போடுகிற கோட்டு. "அக்கா, இதுக்குள்ள ஒரு சொட்டு வராது" என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

ஒரு மணி நேரம் மழை பெய்தது. இரண்டு ஜிலேபியும் ஒரு கெளுத்தியும் கிடைத்தன. வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றினால் உள்ளே போட்டிருந்த சுடிதார் பிழிந்தால் தண்ணீர் வரும் அளவுக்கு ஈரம். முதுகு, தோள், முழங்கை மடிப்பு எல்லாம்.

எனக்குத் தொழில் தையல். அம்மாபேட்டையில் வண்டிக் கவர், பள்ளிக்கூடப் பைக்கு மழை உறை, சின்னச் சின்ன தார்ப்பாய் வேலை எல்லாம் பதினெட்டு வருடமாகத் தைத்துக் கொடுக்கிறேன். ஒழுகுகிற தையல் எது என்று கண்டுபிடிப்பது எனக்குப் பழக்கமான வேலை. அன்று ராத்திரியே கோட்டின் கைகளில் ஒன்றை நுனியில் கட்டி, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கொடிக்கம்பியில் தொங்கவிட்டு, கீழே செய்தித்தாள் விரித்து வைத்தேன். காலையில் தாள் காய்ந்தபடியே கிடந்தது. அப்புறம் தோள்பட்டையைத் தொட்டில் மாதிரி பிடித்துக் கட்டி, அதிலும் தண்ணீர் நிரப்பினேன். ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. உள்பக்கம் தையல் மேல் ஒட்டியிருந்த நாடாவை நகத்தால் நெருடிப் பார்த்தேன், எங்கும் பிரியவில்லை. இவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை.

அப்படியானால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

நவம்பர் கடைசியில் ஏற்காட்டுக்குப் போக வேண்டியிருந்தது. காப்பிப் பழம் எடுப்பவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பைகள் நாற்பது தைக்கச் சொல்லியிருந்தார்கள், அதைக் கொடுக்க. பஸ்ஸை விட்டு இறங்கும்போது சாரல். எஸ்டேட்டுக்கு மூன்று கிலோமீட்டர் ஏற்றம், தோளில் மூட்டை. அந்தக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு நடந்தேன். போய்ச் சேர்ந்து கழற்றினால் கழுத்துப் பட்டிகூட ஈரமில்லை. அதே கோட்டு, அதே ஆள். பாறையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது நனைந்தவள், மூட்டையோடு மலை ஏறியபோது நனையவில்லை. அந்த எஸ்டேட் வராந்தாவில் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

விடை என் மகளிடம் இருந்தது. பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருடம் படிக்கிறாள். "அது மழை இல்லைம்மா, உன் வேர்வை" என்றாள். கோட்டுத் துணி வேர்வையை ஆவியாக வெளியே விடும், மழையைத் துளியாக உள்ளே விடாது. ஆனால் ஆவி தானாக நகராது. உள்ளே நீராவி அழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் வெளியேறும். நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினாள். வேர்த்த தோல் 35 டிகிரியில் இருந்தால், அதை ஒட்டிய ஆவி அழுத்தம் சுமார் 56 மில்லிபார். பூலாம்பட்டியில் மழை பெய்யும்போது 27 டிகிரி, காற்று முழுக்க ஈரம். வெளியே 36. வித்தியாசம் 20. ஏற்காட்டில் அன்றைக்கு 17 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அங்கேயும் காற்று முழுக்க ஈரம்தான், ஆனாலும் குளிர்ந்த காற்று கொள்ளும் ஆவியே கொஞ்சம் என்பதால் வெளியே 19தான். வித்தியாசம் 37. ஆவியைத் தள்ளுகிற வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. குளிரில் வேர்வையும் குறைவு.

சேலம் 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அந்த வளைவுகளுக்குள் ஒரு கோட்டு உதவாததிலிருந்து உதவுவதாக மாறிவிடுகிறது. ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு அது மிக நல்ல கோட்டு. காவிரிக் கரையில் செப்டம்பர் மாதத்துக்கு அது சரியான உடுப்பு இல்லை, அவ்வளவுதான்.

இந்த வேர்வைத் தொல்லை இன்று நேற்று வந்ததில்லை. 1823இல் கிளாஸ்கோவில் சார்ல்ஸ் மக்கின்டாஷ் ரப்பரைக் கரைத்து இரண்டு துணிகளுக்கு நடுவில் பூசி ஒட்டி, அதற்குக் காப்புரிமை வாங்கினார். மழை உள்ளே வரவில்லை, வேர்வையும் வெளியே போகவில்லை. போதாததற்கு, வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பக்குவப்படுத்தும் முறை 1840களில் வந்த பிறகுதான் அந்தப் பிசுபிசுப்பு தீர்ந்தது. வேர்வைக்கு வழி கிடைக்க 1969 வரை ஆனது. நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே பொருளின் தண்டைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தார் பாப் கோர் என்ற அமெரிக்கர். அறுந்து போகாமல் பல மடங்கு நீண்டு, உள்ளே நுண்ணிய துளைகளோடு வந்தது. அதுதான் கோர்டெக்ஸ். ஒரு சதுர அங்குலத்தில் 900 கோடி துளைகள் என்று அதைச் செய்கிறவர்கள் சொல்கிறார்கள். நீர்த்துளி நுழையாது, நீராவி நுழையும். தம்பி அனுப்பியதும் அந்த வகைத் துணிதான்.

சரி, சமவெளிக்கு என்ன போடுவது?

எனக்கு அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, ஞாபகம் வந்தது. தூண்டில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். மழை வந்தால் கோணிச்சாக்கின் ஒரு அடிமூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளிக் கூம்பாக்கித் தலையில் மாட்டிக்கொள்வார். கொங்காடை. பின்னால் முழங்கால் வரை தொங்கும், முன்பக்கம் முழுக்கத் திறப்பு. காற்றுக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்தால் தண்ணீரெல்லாம் முதுகோடு வடிந்து ஓடும், நெஞ்சுப் பக்கம் காற்று வாங்கும். கோணி ஊறிக் கனத்துப் போவது ஒன்றுதான் குறை. ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் பெண்கள் இப்போதும் உரச்சாக்கை அதே மாதிரி மடித்துப் போட்டுக்கொள்வதைப் பார்க்கிறேன். அது ஊறாது, கோணிச்சாக்கின் கனத்தில் பாதிகூட இருக்காது. குளிர் அதிகமான நாளில் உள்ளே கம்பளி போர்த்திக்கொள்கிறார்கள். கம்பளி நூல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உள்ளிழுத்தும் தொட்டால் நனைந்த மாதிரி தெரியாது. ஈரத்தை இழுக்கும்போது கொஞ்சம் சூட்டையும் வெளிவிடும்.

அந்தக் கொங்காடையை வைத்துத்தான் நான் வெட்ட ஆரம்பித்தேன். மூன்று தடவை தைத்துப் பிரித்தேன். நான்காவது இப்போது என்னிடம் இருக்கிறது. மெல்லிய நைலான், உள்பக்கம் பூச்சு போட்டது. முதுகுப்பக்கம் நீளம், பாறையில் உட்கார்ந்தால் துணியும் கூடவே அடியில் விரிய வேண்டும். முன்பக்கம் இடுப்பு வரைதான். பக்கவாட்டில் தைக்கவே இல்லை, மூன்று மூன்று பட்டன் மட்டும். முதுகின் மேல்பகுதியில் துணியை இரண்டாக வெட்டி, மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் நாலு விரல் அளவு கவிழ்ந்திருக்கும்படி வைத்து, நடுவில் நெட் துணி கொடுத்தேன். ஓட்டு வீட்டில் ஓடு ஒன்றன் மேல் ஒன்று கவிழ்கிற மாதிரி. சூடான காற்று மேலே ஏறி அந்த வழியே போய்விடுகிறது.

கைதான் அதிகம் படுத்தியது. தூண்டில் ராடைத் தூக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டில் விழுகிற தண்ணீர் முழங்கை வழியாக அக்குள் வரை ஓடிவரும். மீன்பிடிக் கோட்டில் மணிக்கட்டுப் பட்டியை இறுக்கிக் கொள்ள வழி வைத்திருப்பார்கள். நானும் உள்ளே ஒரு எலாஸ்டிக் பட்டி வைத்துப் பார்த்தேன். தண்ணீர் நின்றது, கை வெந்தது. கடைசியில் கையை முழங்கையோடு நிறுத்திவிட்டேன். நம் ஊர் வெப்பத்தில் முன்கை நனைந்தால் ஒன்றும் கெட்டுப் போகாது.

தைக்கிறவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஊசி போகிற ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டைதான். தார்ப்பாய்க்குப் போடும் 16ஆம் நம்பர் ஊசியை இதற்குப் போடாதீர்கள், 11 போதும். அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் போடுகிற இடத்தில் எட்டு போடுங்கள், ஓட்டை மூன்றில் ஒரு பங்கு குறையும். குண்டூசி வேண்டாம், கிளிப்பால் பிடியுங்கள். நூலில் பாலியஸ்டரைச் சுற்றிப் பருத்தி இருக்கிற வகை கிடைத்தால் வாங்குங்கள், நனைந்ததும் பருத்தி ஊதி ஊசி ஓட்டையை அடைக்கும். முக்கியமாக, தோள் உச்சியில் தையலே வரக்கூடாது. முன்துண்டையும் பின்துண்டையும் தோள் மேல் ஒரே துணியாக வெட்டிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. மடித்துத் தைக்கிற இடங்களில் மடிப்பின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும்.

துணி வாங்கும்போது 5,000, 10,000 என்று எழுதியிருப்பார்கள். துணியின் மேல் குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால், எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் அடியில் சொட்டு தெரிகிறதோ அதுதான் அந்த எண். 10,000 என்றால் பத்து மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும். விழுகிற மழைக்கு அவ்வளவு அழுத்தம் இல்லை. ஆனால் ஈரப் பாறையில் உட்கார்ந்தால், மண்டியிட்டால், பை வார் தோளை அழுத்தினால் அழுத்தம் பல மடங்கு ஏறும். அதனால் உட்காரும் இடத்துக்கும் தோளுக்கும் மட்டும் நான் இரட்டைத் துணி கொடுத்திருக்கிறேன்.

விலை கொடுத்து வாங்கிய கோட்டைப் பலர் துவைத்தே கெடுக்கிறார்கள், எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம். வெளித்துணியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓட ஒரு பூச்சு இருக்கிறது. சோப்புத்தூள் தங்கினால் அது வேலை செய்யாது. துணி ஊறிப்போய், ஆவி போகிற துளை எல்லாவற்றையும் தண்ணீர் மூடிவிடும். பிசுக்கு விடாத திரவ சோப்பு கொஞ்சம் போட்டு, மூன்று தண்ணீர் அலசி, நிழலில் காயவைத்து, மேலே துண்டு விரித்து இஸ்திரியை மிகக் குறைந்த சூட்டில் ஓட்டினால், பூச்சு ஓரளவு உயிர் பெறும். உள்ளிருக்கும் சீட்டில் இஸ்திரி போடலாம் என்று இருந்தால் மட்டும்.

ஈரத்தோடு மடித்துப் பீரோவில் வைக்காதீர்கள். உள்பக்கம் பாலியூரித்தேன் பூசிய துணி நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் மெல்ல மெல்லச் சிதையும். முதலில் பிசுபிசுக்கும், அப்புறம் பொரிபொரியாக உதிரும். இரண்டு வருடம் பெட்டியில் கிடந்த ஒரு கோட்டை ஒரு அண்ணன் என்னிடம் கொண்டு வந்தார். எடுக்க எடுக்கத் தவிடு மாதிரி கொட்டியது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தொங்கவிட்டு வையுங்கள்.

கீழே போடுவதற்குப் பருத்திப் பேண்ட் வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் ராத்திரி வரை காயாது. மெல்லிய பாலியஸ்டர் பேண்ட் பஸ்ஸில் வீடு திரும்புவதற்குள் காய்ந்துவிடும். முழங்கால் வரை வரும் கம்பூட் போட்டு ஆற்றுப் பாறையில் ஏறாதீர்கள். வழுக்கி விழுந்து அதில் தண்ணீர் புகுந்தால் காலைத் தூக்குவதே கஷ்டம். பின்வார் இருக்கும் செருப்பு போதும். நிறம் என்றால் எனக்கு ஆரஞ்சு. மீன் பயப்படும் என்பார்கள், அசையாமல் உட்கார்ந்தால் பயப்படுவதில்லை. தண்ணீர் ஏறுகிற நேரத்தில் கரையில் இருப்பவர்கள் கண்ணுக்கு நாம் தெரிய வேண்டும்.

இடி கேட்டால் மட்டும் எந்தக் கோட்டு போட்டிருந்தாலும் எழுந்துவிடுங்கள். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். திறந்த ஆற்றங்கரையில் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்காரக்கூடாது. மின்கம்பி போகிற இடத்தின் அடியில் வீசவும் கூடாது.

தம்பியின் கோட்டை ஏற்காட்டுக்கென்றே வைத்துவிட்டேன். பழம் எடுப்பு முடியும் வரை மாதம் ஒரு நடை இருக்கும். பைகளை வாங்கிக்கொண்ட மேஸ்திரி அக்கா என் ஆரஞ்சுக் கொங்காடையின் படத்தை போனில் பார்த்துவிட்டு, "குனிஞ்சு பழம் எடுக்கையில முன்னால விழாம இருக்குமா, கண்ணு?" என்று கேட்டார். விழும். அதற்கு இடுப்பில் ஒரு நாடா வைத்து ஒன்று வெட்டியிருக்கிறேன், அடுத்த நடையில் கொண்டு போய்ப் போட்டுக் காட்ட வேண்டும். மகளும் பூலாம்பட்டிக்கு வருகிறேன் என்கிறாள். அவளுக்குத் தனியாக வெட்ட வேண்டும். இடக்கைக்காரி, பையை இடப்பக்கம் வைக்கச் சொல்கிறாள்.